படிவம், பத்தி நான்கு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். தையல் ஆலைக்குப் பின்னால்
டீக்கடை பெஞ்சில் ஒரு படிவம்.
ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பவும் என்று
ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.
மணி அடிக்க இன்னும் பதினேழு நிமிடம்.

"ஹி செட் மீ"
போனில் தட்டிப் பார்க்கிறேன்.
அடியில் நீலக்கோடு.
அந்தச் சொல்லோடு நான் ஒட்டமாட்டேனாம்.
செட் தனியாள். வாயைத் திறக்கும், போய்விடும்,
யார் காதில் விழுந்தது என்று திரும்பிப் பார்க்காது.

ரூபகலா ஊறுகாய் விரலோடு எட்டிப் பார்க்கிறாள்.
"டாக் போடுக்கா, சுலபம்."
டாக் என்றால் இரண்டு வாய் வேண்டும்.
அன்றைக்கு என் வாயில் நான்கு குண்டூசி.
உதட்டில் கவ்வியபடி
காலர் மடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்போக்?
அது இஸ்திரி போட்ட சொல்.
ஆகஸ்ட் பதினைந்தில் கொடியேற்றிவிட்டு
மேனேஜர் மைக்கில் செய்வது.
ஃப்ளோர் இன்சார்ஜ் நாகபூஷணா
என் முதுகுக்குப் பின்னால் குனிந்து செய்ததற்கு
அந்தச் சட்டையை மாட்டிவிட
மனசு வரவில்லை.

தமிழ் என்றால் எப்போதோ முடித்திருப்பேன்.
என்னிடம் பேசினான் என்றால் பேச்சு.
என்னைப் பேசினான் என்றால் வசவு.
என்ன பேசினான் என்று அதற்குமேல்
கிருஷ்ணகிரியில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
ஓர் உருபு போதும், மானத்துக்கு மறைப்பு.

மிச்சம் டோல்ட்.
"ஹி டோல்ட் மீ"
நீலக்கோடு போய்விட்டது. நான் ஒட்டிக்கொண்டேன்.
அப்புறம்?
கர்சர் நின்று நின்று துடிக்கிறது.
கேட்ட ஆளைக் காட்டினால் போதாது இதற்கு,
கேட்டதையும் காட்ட வேண்டும்.

எட்டு மாதமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.
குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பும் சத்தத்தில்.
மெட்ரோ தூண்களுக்கு அடியில், லாரி கடக்கும்போது.
எல்லாம் செட்.
ஒன்றுகூட டோல்ட் இல்லை.

டீ கிளாஸைத் தூக்குகிறேன்.
பத்தி நான்கின் மேல் வட்டமாகக் கறை.
போனை உள்ளே வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கிறேன்.
காகிதத்தில் கோடு போட யாரும் இல்லை.
"ஐ ஆம் டெல்லிங் யூ"
என்று ஆரம்பித்து,
அவன் சொன்ன ஐந்து வார்த்தையை
அவன் சொன்ன கன்னடத்திலேயே,
எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில்,
கறைக்குள்ளும் கொஞ்சம் வெளியேயும் எழுதினேன்.

மணி அடித்துவிட்டது.
ரூபகலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது.
படித்துக் காட்டு என்றாள்.
காட்டினேன்.
மூன்றாவது வார்த்தையிலேயே
ஊறுகாய் டப்பாவை மூடிவிட்டாள்.