ஈரக் கழிவு

குளிசை கரைவதைப் பார்த்திருக்க
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பேராதனை ஆய்வுகூடத்தில் யன்னலோரம்
ஆறு கண்ணாடிக் குடுவைகள்.
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூட்டில் தண்ணீர்.
துடுப்பு சுற்றச் சுற்ற
குளிசை முதலில் விளிம்பை இழக்கும்,
அப்புறம் வயிறு வெடிக்கும்,
அப்புறம் அரிசி கழுவிய கலங்கல்.
நேரம் குறிப்பது நான்.
ஊசியால் உறிஞ்சி எடுப்பது நிலூஷா.
மனிதர்கள் தேவைப்படாத வேலை.

ஆடியில் எங்களைப் பொகவந்தலாவைக்கு அனுப்பினார்கள்,
நாலு பக்கக் கேள்வித்தாளோடு.
பதினேழாவது கேள்வி:
நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா?
ஆம். இல்லை.
இரண்டு சின்னப் பெட்டிகள்.

பவளராணியின் லயக் காம்பிராவில்
எங்களைவிட உரக்கப் பேசியது தகரத்தில் மழை.
மகன் நிதுஷனுக்குப் பதினான்கு வயது. வலிப்பு.
மாசியில் வரவில்லை, பங்குனியில் வரவில்லை,
மழை பிடித்த பிறகு நாலு தடவை.
கடைசித் தடவை பள்ளிக்கூடப் படியில்;
நெற்றியில் தையல் இன்னும் பிரிக்கவில்லை.
கிளினிக் அட்டையில் சிவப்பு மையில், சிங்களத்தில், ஒரு வரி.
நிலூஷா தயங்கித் தயங்கி வாசித்தாள்:
ஒழுங்காகக் குடிப்பதில்லை.
"தெரியும் மிஸ்.
மாசாமாசம் அதச் சொல்லித்தானே ஏசுறாங்க."

அட்டையைப் பார்த்தேன்.
'இல்லை'யில் சரி போட்டேன்.
பேனா தடங்காமல் எழுதியது.

அவள் கலண்டருக்குப் பின்னாலிருந்து
காகித உறையை எடுத்தாள்,
ஓரங்கள் தளர்ந்து துணிபோல் ஆகியிருந்தது.
"எண்ணுங்க."
நாளுக்கு இரண்டு, இன்னும் பதினைந்து நாள்.
எண்ணினோம். முப்பது.
ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

பிறகு அவள்
கிளாசில் வெந்நீர் ஊற்றி
ஒரு குளிசையைப் போட்டாள்.
"முழுங்க மாட்டான், கரைச்சுத்தான் குடுப்பேன்.
வெயில் காலத்துல போட்டவுடனே மாவாயிரும்.
இப்பப் பாருங்க."

பார்த்தோம்.
என் உத்தியோகமே அதுதானே.
ஊற்றித் தந்த தேத்தண்ணி ஆறிப்போனது.
கிளாசின் அடியில் அது
ஆற்றில் கிடந்த கல்லைப்போலக் கிடந்தது.
முப்பது இருபத்தொன்பதாயிற்று.

"கொழுந்து நனைஞ்சிருந்தா
ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க.
குளிசை நனைஞ்சா யாரு கணக்குல கழிக்கிறது?"
கேட்டுவிட்டு அவள்
பதிலுக்கு நிற்காமல் கொடியில் துணியைத் திருப்பிப் போட்டாள்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதுதான் கேவலம்.
மூன்றாம் வருடப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்:
கார்பமசெபின் காற்றின் நீரைக் குடித்து
வேறு படிகமாகும், இறுகும்,
உடம்புக்குள் போகும் அளவு குறையும்.
எட்டுக்கு ஏழு புள்ளி.
ஆயிரம் குளிசை டின்னைத் திறந்து
காகித உறையில் எண்ணிப் போடும் ஊரில்
வருடத்தில் பாதி மழை என்று
வினாத்தாளில் இருக்கவில்லை.

தகடு ஒட்டிய அட்டையில் இருந்த புதுக் குளிசைகளைக் கொடுத்து
அவள் உறையை வாங்கி வந்தோம்.
ஆறு குடுவை. ஆறு கல்.
மணி ஒன்றாகியும் துடுப்புகள்
தெளிந்த தண்ணீரையே சுற்றிக்கொண்டிருந்தன.
நிலூஷா உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு
கையுறையைக் கழற்றினாள்.

ஒரு வீடு போதாது என்றது குழு.
நாற்பது வீடு கேட்கிறார்கள்,
தகட்டு அட்டைக்கு ஒரு குளிசைக்கு எத்தனை சதம் கூடும் என்றும் கேட்கிறார்கள்.
கேட்கட்டும், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஹட்டன் பஸ்ஸுக்கு நாளை விடிய எழும்ப வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை.
ஆய்வு விதிப்படி
பேனாவால் போட்டதைச் சுரண்டக் கூடாது,
வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு கிழித்து
பக்கத்தில் திகதியும் கையெழுத்தும் இட வேண்டும்.
அடியில் இருக்கும் பிழை
யார் பார்த்தாலும் வாசிக்கும்படி இருக்க வேண்டும்.

பதினேழாவது கேள்விக்குக்
கோடு கிழித்தேன்.