அறுபத்தொன்றாம் எண் கார்டு

இடக்கைக்காரன். ஆனால் கார்டில்
வலக்கையால் பந்து வீசுகிறான்.
அச்சகத்தில் எவனோ பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டான்.
சூயிங்கம்மோடு வந்தது, எண் அறுபத்தொன்று.
மேல் மூலையில் ஒரு மடிப்பு.
முதுகில் பழுப்பாய் ஒரு சொட்டு, டீயாக இருக்கலாம்.

இதற்கு என்ன விலை?

பெங்களூரில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகம்
இரண்டாயிரத்து இருநூறு என்கிறது.
அது வெளிவந்த வருடம்
என் மகளுக்குப் பால்பல் விழுந்தது.
இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.

போனில் ஒரு ஆப் பத்தொன்பதாயிரம் காட்டுகிறது.
யாரோ கேட்கிற விலை, யாரும் கொடுத்ததாய் இல்லை.
ஆடி பூராவும் அங்கேயே உட்கார்ந்திருந்தது
விற்காத மனை போல
கல் நட்டு, கொடி கட்டி.

கும்பகோணத்து வியாபாரி மாதாமாதம்
வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவார்.
அதில் முந்நூறு.
அவரே எழுதுகிறார், அவரே வாங்குகிறார்.
வேறு நம்பரிலிருந்து, வாங்குகிறவள் போலக் கேட்டேன்.
"அது கெடைக்காதும்மா. கெடைச்சா நாலாயிரம்."

எனக்கு இது புதிதில்லை.
தை மாசியில்
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
ஒரே மூட்டைக்கு அரசு சொல்வது ஒன்று,
ரோட்டோரம் லாரியோடு நிற்பவர் சொல்வது ஒன்று,
விளைவித்தவர் கைக்குப் போய்ச் சேர்வது மூன்றாவது.
அந்த மூன்றாவதை
எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

கூத்தாநல்லூர் ஜெய்லானி எழுதுகிறார்.
கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு.
தேதி, எண், மூலை, ஓரம், கைமாறிய தொகை.
கைமாறாததற்கு அங்கே இடமில்லை.
பல கட்டங்களில் வெறும் கோடு: தெரியாது.
பதினேழாம் பக்கத்தில் சிவப்பு மை:
'போலி. ஏமாந்து வாங்கினேன். ஆறாயிரம் போச்சு.
ஓரம் புதுக் கத்தி வெட்டு.'
அந்த வரியைப் படித்த பிறகுதான்
மற்ற வரிகளை நம்பினேன்.

நீடாமங்கலம் கேட் போட்டு
பஸ்ஸில் நாற்பது நிமிடம் வெந்து போய்ச் சேர்ந்தேன்.
கார்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
பிறகு தன் ஆல்பத்தைத் திறந்து காட்டினார்.
அறுபதுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவே
இருபது வருடமாய் ஒரு காலி உறை.

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க பாய்."

"வெல எழுதுறவன் வாங்கக் கூடாதும்மா.
வாங்கினா அன்னையோட இந்த நோட்டு வெறும் காயிதம்."

ஆல்பத்தை மூடிவிட்டு நோட்டைத் திருப்பினார்.
இரண்டே விற்பனை.
சேலம், மூவாயிரத்து நூறு, மடிப்பு இல்லை.
நாகூர், ஆயிரத்து எழுநூறு, கிழிசல்.
"ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ.
அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மறுநாள் காலை,
பதர் பறக்கிற களம்.
ஈரப்பதக் கருவியில் ஒரு பிடி நெல்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
எடமேலையூர் அமிர்தகடேசன் கருவியைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அந்தச் செருமலுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று
களத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் பருவத்தில்
மூட்டைக்கு மூன்று ரூபாய் நானும் வாங்கியிருக்கிறேன்.
இந்த வரியைச் சிவப்பு மையில் படிக்கவும்.

எண்ணைச் சத்தமாய்ச் சொன்னேன்.
கருவியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
"ஒரு வெயில் காயப் போடுங்க, எடுத்துக்கலாம்.
யாராவது காசு கேட்டா
எவ்வளவுன்னு எழுதி வைங்க. தேதியோட."

அவரிடம் பேனா இல்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.
இன்னும் திரும்பி வரவில்லை.
கார்டு என் பையில்தான் இருக்கிறது,
டிபன் பாக்ஸுக்கு அடியில்.