போயிடுச்சா

வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
ஃபிளின் ஃபிளான் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தேன்.
டார்லீன் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
இன்றோடு ஐந்து நாள்.
கார் விஷயம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கூடத்துச் சுவரில் பழைய தெர்மோஸ்டாட்
இருபத்துநான்கு என்று சாதித்துக்கொண்டிருந்தது.
நாங்கள் கோட்டைக் கழற்றாமல் சாப்பிட்டோம்.

புதியது வாங்கியாயிற்று.
பழையதன் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் போதும் என்பார்கள்.
போதாது.
இருநூற்று நாற்பது வோல்ட் இரண்டு காலில் வருகிறது.
முள் ஒரு காலை மடக்கும்.
மற்றது சுவருக்குள் நின்றபடியே நிற்கும்,
சூடில்லாமல், சத்தமில்லாமல்,
தொடுகிறவனுக்காக.

கீழ்த்தளத்தில் சாம்பல்நிறப் பெட்டி.
வீட்டை எங்களுக்கு விற்ற எர்லண்ட்சன்
ஒவ்வொரு பிரேக்கருக்கும் அருகே பென்சிலால் எழுதியிருக்கிறார்:
அடுப்பு. கராஜ். கூடம். நாய்.
'நாய்' என்னவென்று பதினொரு வருடமாகத் தெரியாது.

'கூடம்' என்றதைத் தட்டினேன்.
மேலே டெஸ்டரோடு நிற்பது அவள்.
பேனா மாதிரி இருக்கும், தொடாது, சுவரை முகரும்.
வேறு வழியில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்:
"போயிடுச்சா?"

ஃப்ரிட்ஜின் உறுமல்.
பிறகு தரைப்பலகை வழியே,
"இல்ல."

ஐந்து நாளில் முதல் சொல்.

அடுத்ததைத் தட்டினேன். "போயிடுச்சா?"
"இல்ல. கடிகாரம்தான் நின்னுச்சு."
நான்கு சொல்.
அடுத்தது. "இப்போ?"
"சிவப்பாவே இருக்கு. கையை வச்சிடாதே, மேல வந்து."

மிஞ்சியது நாய்.
இரட்டைப் பிரேக்கர், கைப்பிடி கெட்டியாக இருந்தது.
டக்.

"போயிடுச்சு."
கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில்:
"ஸ்டெஃபான், இங்க ஹீட்டர் தகட்டுல கீறல் இருக்கே,
நீ சோஃபா இழுத்ததுனு நான் சொன்னேனே,
இது நகம்.
அவரோட நாய் இங்கதான் படுத்திருக்கு."

கைப்பிடியின் மேல் டேப் ஒட்டி, தேதி எழுதி, மேலே போனேன்.
மூடியைக் கழற்றுமுன்
டெஸ்டரை எரியும் பிளக்கில் வைத்தாள்: சிவப்பு.
சுவரில் வைத்தாள்: ஒன்றுமில்லை.
மறுபடி பிளக்கில்: சிவப்பு.
"டெஸ்டரே செத்திருந்தா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.
மூடி கழன்றதும் மீட்டரின் இரு முனைகளால்
ஒவ்வொரு கம்பியையும் கேட்டோம்.
எதுவும் பதில் சொல்லவில்லை.
நான்கு கம்பி, நான்கு தொப்பி.
டார்ச்சை அவள் பிடித்தாள், சரியான இடத்தில்.

முடிந்ததும் "நான் போறேன்" என்று அவளே இறங்கினாள்.
டேப் உரியும் சத்தம்.
டக்.
புதிய திரையில் பதினொன்று என்று எழுந்தது.
தகட்டுக்குள் இரும்பு சொடுக்கெடுக்க ஆரம்பித்தது.

"வந்திடுச்சா?"

வந்துவிட்டது.
பேசாமல் நின்றேன்,
இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.