பதினேழுக்கு மேல்

ஒரு கைப்பிடி நெல்லை
மீட்டரின் வாயில் கொட்டி மூடினால்
எண் வரும்.
பதினேழுக்குள் என்றால் மூட்டை பிடிக்கலாம்.
பத்தொன்பது, இருபது என்றால்
'காயவச்சு எடுத்துக்கிட்டு வாங்க'
என்று சொல்ல வேண்டியவன் நான்.
தை மாதப் பனியில்
நாளொன்றுக்கு நாற்பது முறை சொல்வேன்.
திட்டு வாங்குவேன்.
திட்டுகிறவர் கழுத்திலும் என் கழுத்திலும்
ஒரே நெல்லின் சுணை.

அன்றைக்கு லாரியும் வரவில்லை.
ஆயிரத்துச் சொச்சம் சிப்பம் வெட்டவெளியில்.
தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது.
இருந்த மூன்று தார்ப்பாயில்
இரண்டு ஓட்டை.

வீட்டுக்குள் நுழைந்தேன்.
கணக்கு நோட்டைத் திறந்து வைத்து
இட்லி தின்றுகொண்டிருந்தாள் நிறைமதி.
என்ன கேட்டேன் என்று நினைவில்லை.
எப்படிக் கேட்டேன் என்பது நினைவிருக்கிறது.
வாயில் இருந்ததை அவள்
மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

வாசுகி அடுப்படியிலிருந்து வந்து
ஒன்றும் சொல்லாமல்
மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுப் போனாள்.
குழுக் கடன் தவணைக்கு வந்தவரிடம்
அன்று அவள் இரண்டு முறை பொய் சொல்லியிருந்தாள்.
அது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை
நீடாமங்கலத்தில் கேட் விழுந்து கிடந்தது.
கூட்ஸ் வண்டி முன்னால் போனது,
பின்னால் வந்தது,
மறுபடி முன்னால் போனது.
மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.
நானும் வண்டியை அணைத்தேன்.
முதுகில் அவள் நெற்றி முட்டியிருப்பது
அப்போதுதான் தெரிந்தது.

'அப்பா, உங்க மீட்டர் ஆளுக்குக் காட்டுமா?'
'ஏன்?'
'நேத்து உங்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?'

பதினாறு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
'இருபத்தி நாலு.'

'எனக்கு இருபத்தாறு' என்றாள்.
ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, இன்னொன்று.
'கணக்குல முப்பத்திரெண்டு மார்க்.
கையெழுத்து நேத்தே வாங்கியிருக்கணும்.'

சீட்டின் மேல் தாளை வைத்துப் போட்டேன்.
போடும்போதே கேட் திறந்துவிட்டது.
பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.
என் பெயரின் கடைசி எழுத்து
கோடாகிப் போனது.

இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே
எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.
யூகேஜி படிக்கும் அமுதனுக்கு எப்போதும் நூறு.
நூறுதான் பெரிய மார்க் என்று நினைக்கிறான்.
வாசுகி சேரவில்லை.
'அடுப்புப் பக்கத்துல நிக்கிறவ,
காஞ்சுதான் இருக்கேன்' என்றாள்.
பத்து நாள் கழித்து
பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல்,
'பத்தொம்பது' என்றாள்.
பிறகுதான் தவணைக் கதை வந்தது.

ஈர நெல்லைக் குவித்து மூடினால்
உள்ளே சூடேறும்.
இரண்டு நாளில் முளை கிளம்பிவிடும்.
விரித்துப் போட வேண்டும், காலால் துழாவ வேண்டும்,
வேறு வித்தையில்லை.
இருபதுக்கு மேல் சொன்னவரிடம்
அரை மணி நேரம் யாரும்
'ஏன்' என்று கேட்கக் கூடாது.
சட்டம் நிறைமதி போட்டது.
அதை அதிகம் மீறியவன் நான்.
போன வெள்ளிக்கிழமைகூடக் கத்தினேன்,
ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக.

நேற்று அவள் வந்தாள்.
'முப்பது' என்றாள்.
கதவைச் சாத்திக்கொண்டாள்.

தட்டக் கை போனது.
கேட் விழுந்தால்
வண்டியை அணைத்துவிடத்தான் வேண்டும்.
கதவோரமாக, தரையில் உட்கார்ந்தேன்.
உள்ளே மேசை இழுபடும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
வாசுகி இரண்டு தம்ளர் டீயை
ஒன்று என் பக்கம், ஒன்று கதவுப் பக்கம்
வைத்துவிட்டுப் போனாள்.

அமுதன் வந்து மடியில் ஏறினான்.
'நூறா?' என்றேன்.
என் உதட்டின் மேல்
விரலை வைத்தான்.