கடைசியாக வந்த எண்

களக்காட்டுக்குத் தெற்கே
மோட்டார் ரூமில், உர மூட்டைமேல் லேப்டாப்.
ஏத்தன் தோப்புக்குள் கம்பத்து நுனியில்
மூன்று கிண்ணம் சுற்றும் காற்றுமானி,
அதன் காலடியில் தீப்பெட்டி அளவு பலகை.
நடுவே நாற்பது அடி வயர்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை.
அதன் வாயை இதன் வாயோடு கட்டியிருந்தேன்,
காதைக் காதோடு.
மாற்றிச் செருகியதும் வந்தது
கட்டமும் கேள்விக்குறியுமாக ஒரு பிதற்றல்.
"என்னம்மா, செய்வினை கிய்வினையா?"
"அது வேகமாப் பேசுது அண்ணாச்சி, இது மெதுவாக் கேக்குது."
"அப்பம் என் மச்சினிதான்" என்றார் முப்பிடாதி.

இரண்டையும் ஒரே வேகத்துக்கு இழுத்துக் கட்டினேன்.
12. 14. 11.
ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னே ஒரு வரிமுடிவு.
அதை மறந்தால்
பன்னிரண்டும் பதினாலும் ஒட்டிக்கொண்டு
ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு கிலோமீட்டர் புயல்.

போன வருசம் எண்ணூறு வாழை சாய்ந்தபோது
இன்சூரன்ஸ்காரர் கேட்டார்:
காற்று எவ்வளவு அடித்தது?
"சாஞ்சு கெடக்குல்லா, அவ்வளவு."
ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வைகாசிக் கடைசி. ராத்திரி ரெண்டு மணி.
மலையிலிருந்து இறங்கியது.
38. 44. 51.
பச்சைக் கோடு திரையின் விளிம்பை முட்டி
அப்படியே நின்றது.
வெளியே ஈரச் சாக்கைப் போட்டாற்போல்
ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை.
அப்புறம் அதுவும் ஓய்ந்து
தவளை கத்தத் தொடங்கியது.
திரையில் இன்னும் ஐம்பத்தொன்று.

டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தோம்.
குலை தள்ளிய வாழை ஒன்று வயர்மேல் கிடந்தது.
அறுந்த முனையில் செம்புச் சிலும்பல்.
என் நிரல் மட்டும்
கடைசியாகக் கேட்டதையே சொல்லிக்கொண்டிருந்தது,
எதுவும் நடக்காத மாதிரி.

"இருந்துட்டுப் போட்டும்மா.
விடியவிடிய ஐம்பத்தொண்ணு அடிச்சதா இருந்தா
துட்டு கூடத்தான வரும்."

நான் பதில் சொல்லவில்லை.
பதிவில் எண் வந்த நேரமும் இருந்தது.
உட்கார்ந்து ஐந்து வரி எழுதினேன்:
இரண்டு நொடி ஒன்றும் வராவிட்டால்
கோட்டை அறு.
சைபருக்கு இறக்காதே.
சைபர் என்றால் காற்று இல்லை.
நமக்குத் தெரிந்தது அதுவல்ல,
நமக்குத் தெரியாது என்பது.

விடிந்தபின் மறுபடி வரைந்து காட்டினேன்.
ஐம்பத்தொன்றில் ஏறி நிற்கும் கோடு,
அப்புறம் வெறும் வெள்ளை.
மண் ஒட்டிய விரலை அந்த வெள்ளையில் வைத்து
அண்ணாச்சி சொன்னார்:
"இந்தா, இங்கனதான்
பாதித் தோப்பும் விழுந்துச்சி."