நடுவர்

டிசம்பர் இருபத்தைந்து, காலை ஏழு மணிக்கு
வாட்ச்மேன் சோட்டேலால் பெல் அடிப்பார்.
"மெரி கிறிஸ்துமஸ், சாப்."
முதல் வருஷம் மாமனார் விளக்கியிருக்கிறார்:
நாங்கள் அவர்கள் இல்லை, யூதர்கள்.
அப்படியென்றால் என்ன என்று கேட்டுவிட்டு
அவர் அங்கேயே நின்றாராம், நீட்டிய கையோடு.
இப்போதெல்லாம் ஐம்பது ரூபாய்
கதவுக்குப் பின்னால் ஆணியில் செருகியே இருக்கும்.
தீபாவளிக்கும் அதே ஆணி.

மார்கழி என்கிறது சயானிலிருந்து அம்மா அனுப்பிய காலண்டர்.
மஜ்காவில் மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.
ஆபீஸ் இல்லை, பள்ளி இல்லை,
எங்களுக்கென்று பண்டிகையும் இல்லை.
என் கணவர் தண்ணீர் டேங்க் கழுவ மாடி ஏறிவிட்டார்.
கீழ்வீட்டு ஃபிலோமினா தட்டு அனுப்பினாள்,
குல்குல், நெவ்ரி, எண்ணெய் பூசிய காகிதத்தில் கேக்.
சொர்போத்தெல் மட்டும் எங்கள் படி ஏறாது.
அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

மாமனார்தான் இஸ்திரிச் சட்டையில் தயார்.
ஹானோக் வாக்ருல்கர்,
ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்,
வாடியின் குடில் போட்டிக்கு நிரந்தர நடுவர்.
பதினோரு வீடு, பதினோரு குடில்.
எவருக்கும் மாமனோ மச்சானோ ஆகாத ஒரே ஆள்.

ரயில் ஓடும் குடிலுக்கு ஏழு.
மாட்டைவிட ஆடு பெரிதாக இருந்ததற்கு ஐந்து.
பஞ்சை உதிர்த்துப் பனி செய்தவர்களுக்கெல்லாம்
இரண்டு மார்க் வெட்டு.
"அங்கே ஏது பனி?
அஷ்தோதில் இருக்கிற தங்கச்சியைக் கேட்டேன்.
மழை, சேறு, பஸ் லேட் என்கிறாள்."
ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.
அந்த ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம்.
புசாவலைத் தாண்டியதில்லை இந்த மனிதர்.

கடைசி வீட்டில் என் மகன் எஸ்ரா
டார்ச்சை மரியாள் மேல் அடித்தான்.
"இவங்க நம்ம ஆளுங்கதானே?
அப்புறம் ஏன் மாட்டுக்கொட்டகையில?"
"ரூம் கேட்டாங்க. கிடைக்கல."
"சொசைட்டி ஒத்துக்கலையா?"

வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
கல்யாணமான புதிதில்
எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டுவிட்டு
யோசித்துச் சொல்கிறோம் என்ற
பதினாறு வீடுகள்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.
மாமனார் நோட்டில் எதையோ அடித்தார்,
மேலே வேறெதையோ எழுதினார்.

தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது.
ராத்திரி தேங்காய்ப்பால் அல்வா வெட்டி வைத்துக் கீழே போனேன்.
ஃபிலோமினா தட்டைக்கூட வாங்கவில்லை.
"யாருக்கு முதல் பரிசு?"
ஆறாம் தேதிவரை வாய் திறக்கக் கூடாது என்றேன்.
"எனக்கு மட்டும், ப்ளீஸ். பஞ்சு போடவேண்டாம்னு
நான்தான் ஜோக்கிமிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்."

அல்வாவை நீட்டினேன்.