ஆடு திங்காதது

முண்டந்துறை விலக்கில் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது
கார்த்திகை மழை விட்டு அரைமணி நேரம்.
"ஆடு எதத் திங்கலையோ அதப் பறி,"
என்றான் மரியசெல்வம்.
அதுதான் எங்கள் ஆய்வு முறை.
கட்டுரையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறோம்.

பேய்மிரட்டி ஒரு கோணி.
ஆடுதீண்டாப்பாளை அரைக் கோணி.
பெயர் தெரியாத கொடி ஒன்று,
கணுவில் ஊதா, முகர்ந்தால் நமுத்த தீக்குச்சி,
தினத்தாளில் சுற்றிக் கைப்பையில்.
அனுமதிச் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு
வனக்காவலர் கேட்டார்:
"சுகருக்கு ஏதும் உண்டுமா, மேடம்?"

பாளையங்கோட்டையில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில், கண்ணாடித் தட்டில்,
மலேரியா வளர்க்கிறோம்.
அதற்கு மனித ரத்தம்தான் சோறு.
ரத்த வங்கி கைவிரிக்கும் வாரங்களில்
நான் சுடிதார்க் கையை மடக்குவேன்.
பிறகு லென்ஸில் பார்ப்பேன்:
என் சிவப்பணுவுக்குள்
சின்ன மோதிரம், ஒற்றைக் கல் பதித்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
அணு வெடித்துக் குடும்பம் பெருகும்.

பேய்மிரட்டிச் சாறு
யாரையும் மிரட்டவில்லை.
ஆடுதீண்டாப்பாளை கிருமியைக் கொன்றது,
சிறுநீரகச் செல்லையும் சேர்த்து.
ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

பெயரில்லாக் கொடி
ஆயிரம் அணுவுக்கு இரண்டு மோதிரம் விட்டுவைத்தது,
அவையும் கல் உதிர்ந்து.
மறுபடி எண்ணினேன். மறுபடியும்.
போனில் மரியசெல்வம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இருந்தான்.
அழுதானா, ஹாரனா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் அதே விலக்கு, அதே பாறை, அதே கொடி.
கணுவில் ஊதாகூட இருந்தது.
சாறு வெறும் பச்சைத் தண்ணி;
கிருமி கொழுத்தது.
மழைக்குப் பின்தான் சுரக்குமோ,
அன்று ஏதோ புழு கடித்த ஆத்திரமோ,
நான் உலர்த்திய நிழல் சரியில்லையோ.
தெரியாது என்று எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

ஆனி மாதம், மேலப்பாளையம் கொத்தனார் பீர்மைதீன்
மும்பை ரயிலிலிருந்து
போர்வையோடு நடுங்கி இறங்கினார்.
பெரியாஸ்பத்திரி மாத்திரை.
மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து
புரோட்டா கேட்டாராம்.
அந்த மாத்திரையும் முன்னே ஒரு செடி.
எங்கோ ஒரு மலைச் சரிவில்
யாரோ குனிந்து பறித்தது.
எத்தனை சித்திரை
அவர்களுக்கும் பொய்த்ததோ.

இன்று வெள்ளி.
ரத்த வங்கியில் "இல்லக்கா" என்றுவிட்டார்கள்.
கையை மடக்கி ஊசிக்கு நீட்டுகிறேன்.
தின்னு, மூதி.
ஐப்பசி மழை வரைக்கும்
நீ உயிரோட இருக்கணும்.